இருநிலை எண்களைக் கூட்டுவது எப்படி: ஒன்றுகளை எண்ணத் தெரிந்தால் போதும்

57-ஐயும் 68-ஐயும் தாளில் கூட்டத் தெரிந்தவருக்கு இருநிலைக் கூட்டலில், அதாவது 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் எழுதும் எண்களின் கூட்டலில், முக்கால்வாசி ஏற்கெனவே தெரியும். ஏழும் எட்டும் பதினைந்து. 5-ஐக் கீழே போட்டு 1-ஐ அடுத்த இடத்தின் தலையில் எழுதுகிறோம். ஐந்தும் ஆறும் பதினொன்று, தலையில் இருக்கும் ஒன்றோடு பன்னிரண்டு. விடை 125. ஓர் இடத்தில் பத்து சேர்ந்துவிட்டால் அதை அங்கேயே வைத்திருக்காமல், இடப்பக்கத்து இடத்துக்கு ஒன்றாக மாற்றி அனுப்புகிறோம். பள்ளிக் கணக்கில் இதற்கு இனமாற்றம் என்று பெயர். கணினி வகுப்பில் கேரி என்பார்கள். இருநிலையில் மாறுவது இது மட்டும்தான்: பத்து சேரும்வரை காத்திருக்காமல், இரண்டு சேர்ந்ததுமே அனுப்பிவிட வேண்டும்.

பெயர் பலவிதமாக இருந்து குழப்பலாம். தமிழ்நாட்டுப் பாடநூலில் இருநிலை எண், சில நூல்களில் இரும எண், இலங்கையில் துவித எண். மூன்றும் ஒன்றே.

இன்னொன்றையும் முதலிலேயே பழக்கிக்கொள்ளுங்கள். இருநிலையில் 10 என்று எழுதியிருந்தால் அதைப் பத்து என்று வாசிக்காதீர்கள். ‘ஒன்று, சைபர்’ என்று வாசியுங்கள்; அதன் மதிப்பு இரண்டு. 11 என்பது ‘ஒன்று, ஒன்று’, மதிப்பு மூன்று. வாயில் பத்து, பதினொன்று என்று வந்தால் கை நம் வழக்கமான பதின்மக் கணக்கைப் போட ஆரம்பித்துவிடும்.

தாளைத் தயார் செய்வது

கட்டம் போட்ட கணக்கு நோட்டு இருந்தால் அதையே எடுங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம். வலது ஓரத்திலிருந்து இடது நோக்கி இடமதிப்புகளை மேலே சிறிதாக எழுதுங்கள்: 1, 2, 4, 8, 16, 32, 64, 128. ஒவ்வொன்றும் வலப்பக்கத்தில் உள்ளதன் இரட்டிப்பு. அதற்குக் கீழே கேரிக்கென ஒரு வரிசையை வெற்றாக விடுங்கள். அப்புறம் இரண்டு எண்களையும் வலது ஓரம் நேராக இருக்கும்படி எழுதுங்கள். ஓர் எண் குட்டையாக இருந்தால் இடப்பக்கத்தில் 0 போட்டு நீளத்தைச் சமமாக்குங்கள். 110-ஐ 0110 என்று எழுதினால் மதிப்பு மாறாது. 1100 என்று எழுதினால் இரட்டிப்பாகிவிடும். இடது ஓரத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கட்டும்; விடை ஓர் இலக்கம் நீளமாக வரக்கூடும்.

விதி

பல நூல்களில் நான்கு வரி அட்டவணை ஒன்றைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அது தேவையில்லை. ஒவ்வொரு நிரலிலும், மேலே உள்ள கேரியையும் சேர்த்து, எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் வர வழியே இல்லை.

ஒன்றுமில்லை என்றால்: கீழே 0, கேரி 0.
ஒரு 1 இருந்தால்: கீழே 1, கேரி 0.
இரண்டு 1 இருந்தால்: கீழே 0, கேரி 1.
மூன்று 1 இருந்தால்: கீழே 1, கேரி 1.

இதை இரண்டு கேள்விகளாகச் சுருக்கலாம். ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையா? ஆம் என்றால் கீழே 1. எண்ணிக்கை இரண்டு அல்லது அதற்கு மேலா? ஆம் என்றால் இடப்பக்கம் 1 போகிறது. இந்த இரண்டு கேள்விகளையும் நினைவில் வைத்திருங்கள். கணினிக்குள் இருக்கும் சுற்றும் இதையேதான் கேட்கிறது.

முதல் கணக்கு: 1011 + 1110

கேரி: 1 1 1 0 –
முதல் எண்: 0 1 0 1 1
இரண்டாம் எண்: 0 1 1 1 0
விடை: 1 1 0 0 1

வலது ஓரத்திலிருந்து வாருங்கள். முதல் நிரலில் 1, 0, ஒரே ஒன்று. கீழே 1, கேரி இல்லை. இரண்டாவதில் 1, 1, இரண்டு ஒன்று. கீழே 0, தலையில் 1 அனுப்புங்கள். மூன்றாவதில் 0, 1, வந்த கேரி 1, மறுபடியும் இரண்டு. கீழே 0, கேரி 1. நான்காவதில் 1, 1, கேரி 1, மூன்று ஒன்று. கீழே 1, கேரி 1. ஐந்தாவது நிரலில் வந்து சேர்ந்த கேரி மட்டும் இருக்கிறது. அதை அப்படியே இறக்குங்கள்.

11001 என்பது 16 + 8 + 1 = 25. கொடுத்த எண்கள் பதின்மத்தில் 11, 14. சரி.

அடுத்து எட்டு பிட் (பிட் என்பது ஓர் இருநிலை இலக்கம்) கணக்கு ஒன்று: 01101101 + 00110111. பதின்மத்தில் 109 + 55.

கேரி: 1 1 1 1 1 1 1 –
முதல் எண்: 0 1 1 0 1 1 0 1
இரண்டாம் எண்: 0 0 1 1 0 1 1 1
விடை: 1 0 1 0 0 1 0 0

128 + 32 + 4 = 164. ஏழு இடங்களில் கேரி எழுந்திருக்கிறது. கேரியை மனத்தில் வைத்துக்கொண்டு போடுபவர்கள் தவறுவது இந்த மாதிரிக் கணக்கில்தான். மேலே எழுதிவிடுங்கள், நேரம் மிச்சமாகும்.

விடையைச் சரிபார்க்க

பதின்மத்துக்கு மாற்றிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. அதைவிட விரைவான ஒன்று உண்டு. வகுப்பில் ஏனோ அதிகம் சொல்லித்தருவதில்லை. இரண்டு எண்களிலும் உள்ள ஒன்றுகளை எண்ணிக் கூட்டுங்கள். அதிலிருந்து, எத்தனை முறை கேரி எழுந்ததோ அதைக் கழியுங்கள். விடையில் அத்தனை ஒன்றுகள்தான் இருக்க வேண்டும்.

மேலே உள்ள கணக்கில் 109-இல் ஐந்து ஒன்று, 55-இல் ஐந்து ஒன்று. மொத்தம் பத்து. கேரி ஏழு முறை. மீதி மூன்று. 10100100-இல் மூன்று ஒன்றுகள் உள்ளன. முதல் கணக்கிலும் 3 + 3 – 3 = 3.

காரணம் எளிது. கேரி எழும் ஒவ்வொரு முறையும் இரண்டு ஒன்றுகள் போய், அவற்றுக்குப் பதிலாக ஒன்று மட்டும் பக்கத்தில் வருகிறது. ஆக ஒவ்வொரு கேரிக்கும் ஓர் ஒன்று குறையும். இந்தச் சோதனை எல்லாப் பிழையையும் பிடித்துவிடாது. விடையில் ஒரு 1 இடம் மாறி உட்கார்ந்திருந்தால் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஆனால் விட்டுப்போன கேரியை, இறக்க மறந்த கடைசி 1-ஐ இது காட்டிக்கொடுத்துவிடும். அவைதான் அதிகம் நடக்கும் பிழைகள்.

எங்கே சறுக்குகிறது

மூன்று ஒன்றுகள் வரும்போது கீழே 0 போடுவது முதல் சறுக்கல். ‘ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் 0, கேரி 1’ என்று வாய்ப்பாடாகப் படித்தவர்கள், மூன்றாவது ஒன்றை அப்படியே விட்டுவிடுவார்கள். வாய்ப்பாட்டை மறந்து எண்ணுங்கள்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. இருநிலை எண்களை ஒட்டியே பூலியன் இயற்கணிதமும் பாடத்தில் வரும். அங்கேயும் கூட்டல் குறி உண்டு; ஆனால் அங்கே 1 + 1 = 1. அது ‘அல்லது’ என்ற பொருள் தரும் குறி, எண்ணிக்கை அல்ல. இங்கே 1 + 1 = 10. ஒரே தேர்வுத் தாளில் இரண்டும் வரும்போது, கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

மூன்று, நான்கு எண்களை ஒரே நேரத்தில் அடுக்கிக் கூட்டப் பார்ப்பது மூன்றாவது. ஒரு நிரலில் நான்கு ஒன்றுகள் வந்தால் மதிப்பு 100. கீழே 0 போட்டு, பக்கத்து இடத்தைத் தாண்டி அதற்கடுத்த இடத்துக்கு 1 போக வேண்டும். தவறில்லை, ஆனால் புதிதாகக் கற்பவருக்கு இது வீண் தலைவலி. முதல் இரண்டைக் கூட்டி, வந்த விடையோடு மூன்றாவதைக் கூட்டுங்கள்.

கணினியில் சரிபார்க்கப் போய் ஏமாறுபவர்களும் உண்டு. பைத்தான் நிரல்மொழியில் 1011 + 1110 என்று அப்படியே தட்டினால் 2121 என்று வரும். அது அவற்றைப் பதின்ம எண்களாக எடுத்துக்கொள்கிறது. எண்ணுக்கு முன்னால் சைபரும் ‘பி’ எழுத்தும் (0b) சேர்த்தால்தான் இருநிலை என்று புரிந்துகொள்ளும். மேற்கோள் குறிக்குள் போட்டால் கூட்டாமல் இரண்டையும் ஒட்டி 10111110 ஆக்கிவிடும். சி மொழியில் 0101 என்று எழுதினால் முன்னால் உள்ள சைபரால் அது எட்டை அடியாகக் கொண்ட எண்ம எண்ணாகி 65 என்று பொருள்படும். எக்செல்லில் இருநிலையைப் பதின்மமாக மாற்றும் ஃபங்ஷன் 10 பிட் வரைதான் ஏற்கும். பத்தாவது பிட் எதிர்மறைக் குறியைக் காட்டுவது என்பதால் பத்து ஒன்றுகளைக் கொடுத்தால் 1023-க்குப் பதில் –1 என்று காட்டும். விண்டோஸ் கால்குலேட்டரில் புரோகிராமர் முறைக்கு மாற்றிக்கொள்வது இவற்றுக்கெல்லாம் மேல்.

அந்த 2121-ஐத் தூக்கி எறிய வேண்டாம், ஒரு நிமிடம் பாருங்கள். ஒவ்வொரு நிரலிலும் எத்தனை ஒன்று இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. வலமிருந்து இடமாக இனமாற்றம் மட்டும் செய்தால் 11001 வந்துவிடும்.

புள்ளிக்கு வலப்பக்கம்

பின்னங்களைக் கூட்டுவதில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. இருநிலைப் புள்ளிக்குப் பின் வரும் இடங்களின் மதிப்புகள் அரை, கால், அரைக்கால், வீசம். நம் பழைய பின்ன வாய்ப்பாடு பாதி பாதியாக இறங்கும் வழியே அது. முக்கால் என்பது 0.11, அரை என்பது 0.10. புள்ளிக்கு நேர் புள்ளி வைத்துக் கூட்டுங்கள்: 0.11 + 0.10 = 1.01. ஒன்றேகால். முழு எண்ணுக்கு வலது ஓரத்தை நேராக்கியது போல இங்கே புள்ளியை நேராக்க வேண்டும். வலப்பக்கம் குறைந்தால் 0 போட்டு நிரப்பலாம்.

பதின்மத்தில் 0.1 எனும் பத்தில் ஒன்றை, அரை கால் அரைக்கால்களைக் கொண்டு முடிவுள்ள இலக்கங்களில் எழுத முடியாது. அதனால்தான் பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருகிறது. கூட்டல் பிசகவில்லை, கூட்டக் கொடுத்த எண்களே தோராயமானவை.

கூட்டும் சுற்று

முன்னே சொன்ன இரண்டு கேள்விகளுக்கு வருவோம். இரண்டு பிட்டுகளில் ஒற்றைப்படையாக ஒன்று இருக்கிறதா என்று கேட்பது எக்ஸ்-ஆர் கேட் (பிட்டுகளை வாங்கி ஒரு பிட் விடை தரும் சிறு சுற்றுக்குக் கேட் என்று பெயர்). இரண்டுமே 1-ஆ என்று கேட்பது ஆண்ட் கேட். இந்த இரண்டும் சேர்ந்தது அரைக் கூட்டி. வலப்பக்கத்திலிருந்து வரும் கேரியை வாங்க அதில் இடமில்லை; அதனால்தான் அரை. இரண்டு அரைக் கூட்டிகளையும், ஏதாவது ஒன்றாவது 1-ஆ என்று கேட்கும் ஓர் ஆர் கேட்டையும் இணைத்தால் முழுக் கூட்டி.

பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் கம்பிகளைச் செருகும் பலகையில்) செய்து பார்க்க மூன்று ஐ.சி. (சில்லு) போதும். எச்.சி. வகையில் 7486 (எக்ஸ்-ஆர்), 7408 (ஆண்ட்), 7432 (ஆர்), ஒவ்வொன்றும் ஒன்று. ஒவ்வொன்றிலும் நான்கு கேட்டுகள் உண்டு. மூன்றிலும் 14-ஆம் பின்னுக்கு 5 வோல்ட், 7-ஆம் பின் கிரவுண்டு. ஒவ்வொரு ஐ.சி.யின் மின்சாரப் பின்களுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். வெளியீடுகளைப் பார்க்க இரண்டு எல்.இ.டி., ஒவ்வொன்றோடும் தொடராக 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்.

உள்ளீடுகளை அ, ஆ என்றும் வரும் கேரியை இ என்றும் வைத்துக்கொள்வோம். அ, ஆ இரண்டையும் முதல் எக்ஸ்-ஆர் கேட்டுக்கும் முதல் ஆண்ட் கேட்டுக்கும் கொடுங்கள். முதல் எக்ஸ்-ஆரின் வெளியீட்டையும் இ-யையும் இரண்டாவது எக்ஸ்-ஆருக்கும் இரண்டாவது ஆண்ட் கேட்டுக்கும் கொடுங்கள். இரண்டாவது எக்ஸ்-ஆரின் வெளியீடே கீழே எழுதும் இலக்கம். இரண்டு ஆண்ட் கேட்டுகளின் வெளியீடுகளையும் ஆர் கேட்டில் சேர்த்தால் போகும் கேரி.

எட்டு விதமாகவும் உள்ளீடு கொடுத்துச் சோதியுங்கள். அ, ஆ இரண்டும் 1, இ 0 என்று கொடுக்கும்போது கேரி விளக்கு எரியாவிட்டால் முதல் ஆண்ட் கேட்டின் பக்கம் பாருங்கள். அ-வும் இ-யும் மட்டும் 1 ஆக இருக்கும்போது எரியாவிட்டால் இரண்டாவது ஆண்ட் கேட்டின் பக்கம். விளக்கு தன்னிஷ்டத்துக்கு மின்னினால் ஏதோ ஓர் உள்ளீடு எங்கும் இணைக்கப்படாமல் தொங்குகிறது என்று பொருள். 0 என்றால் கம்பியைக் கழற்றிவிடுவது அல்ல, கிரவுண்டோடு இணைப்பது. பயன்படுத்தாத கேட்டுகளின் உள்ளீடுகளையும் கிரவுண்டில் கட்டுங்கள்.

1937-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் இப்படி ஒரு கூட்டியைத் தன் வீட்டுச் சமையலறை மேசையில் ரிலேக்களையும் டார்ச் பல்புகளையும் கொண்டு கட்டினார். கிச்சனில் பிறந்ததால் அதற்கு மாடல் கே என்று பெயர் வந்தது.

நான்கு முழுக் கூட்டிகளை வரிசையாக, ஒன்றின் கேரி அடுத்ததற்குப் போகும்படி இணைத்தால் நான்கு பிட் எண்களைக் கூட்டலாம். 7483, 74283 ஆகிய ஐ.சி.க்கள் நான்கு பிட் கூட்டலை முழுதாகச் செய்து தருபவை. இதில் ஒரு கண்ணி: 74283-இல் 16-ஆம் பின்னில் 5 வோல்ட், 8-இல் கிரவுண்டு, வழக்கம்போல. பழைய 7483-இலோ 5-ஆம் பின்னில் 5 வோல்ட், 12-இல் கிரவுண்டு. மற்ற ஐ.சி.க்களைப் போல நினைத்து மூலைப் பின்களில் மின்சாரம் கொடுத்தால் அது வேலை செய்யாது.

இடம் போதாதபோது

தாளில் இடப்பக்கம் எப்போதும் ஒரு கட்டம் கிடைக்கும். கணினியில் கட்டங்களின் எண்ணிக்கை முன்பே முடிவானது. எட்டு பிட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். 200 + 100 போட்டுப் பாருங்கள்: 11001000 + 01100100 = 1 00101100. ஒன்பதாவது பிட்டுக்கு இடமில்லை. அது வெளியே விழுந்தால் மீதி 44. விடை சரியாக 256 குறைந்திருக்கிறது.

இந்த ‘வெளியே விழுவதை’ வைத்தே கழித்தலையும் கூட்டலாக மாற்றிவிடுகிறார்கள். அதுதான் 2-இன் நிரப்பு முறை. 23 – 9 என்பதை 23 + (–9) என்று போடுவோம்.

முதலில் 9-ஐ முழு எட்டு பிட்டில் எழுதுங்கள்: 00001001. பிறகு ஒவ்வொரு பிட்டையும் திருப்புங்கள்: 11110110. அதோடு 1 கூட்டுங்கள்: 11110111. இதுதான் –9. இப்போது 23-ஐ, அதாவது 00010111-ஐ, இதனோடு கூட்டினால் 1 00001110. ஒன்பதாவது பிட்டை விட்டுவிடுங்கள். 00001110 என்பது 14.

வரிசையை மாற்றிவிடாதீர்கள். சைபர்களை நிரப்பும் முன்பே 1001-ஐத் திருப்பி, 1 கூட்டி, 0111 என்று வாங்கி, பிறகு முன்னால் சைபர் சேர்த்தால் அது வெறும் 7. விடை 30 என்று வரும். முதலில் நிரப்பு, பிறகு திருப்பு.

திருப்பி ஒன்று கூட்டுவதற்குக் குறுக்குவழி: வலமிருந்து வாருங்கள், முதல் 1 வரை அதையும் சேர்த்து அப்படியே நகலெடுங்கள், அதற்கு இடப்பக்கம் உள்ளவற்றை மட்டும் திருப்புங்கள். 12 என்பது 00001100. –12 என்பது 11110100.

குறியுள்ள எண்களில் இடது ஓரப் பிட் 1 என்றால் எண் எதிர்மறை. ஆகவே எட்டு பிட்டில் –128 முதல் 127 வரைதான் எழுத முடியும். முன்பு போட்ட 109 + 55-ஐ இப்போது மறுபடி பாருங்கள். விடை 10100100. இடது ஓரத்தில் 1. குறியுள்ள எண்ணாக வாசித்தால் 164 – 256 = –92. இரண்டு நேர் எண்களைக் கூட்டி எதிர்மறை வந்திருக்கிறது. இது ஓவர்ஃப்ளோ.

கேரி வெளியே விழுவதும் ஓவர்ஃப்ளோவும் வேறு வேறு. 23 – 9-இல் கேரி விழுந்தது, விடை சரி. 109 + 55-இல் கேரியே விழவில்லை, குறியுள்ள விடை தவறு. பார்க்க வேண்டியது குறிகளை: இரண்டும் ஒரே குறியாக இருந்து விடை வேறு குறியில் வந்தால் ஓவர்ஃப்ளோ. ஒன்று நேர், ஒன்று எதிர் என்றால் ஓவர்ஃப்ளோ வரவே வராது.

பல பழைய கணினி அமைப்புகள் 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளைக் குறியுள்ள 32 பிட் எண்ணாக வைத்திருக்கின்றன. அதன் உச்சம் 2147483647. 2038 ஜனவரி 19 அன்று இந்திய, இலங்கை நேரப்படி காலை 8:44:07-க்கு அது நிரம்பும். அடுத்த நொடிக்கு 1 கூட்டியதும் கேரி முப்பத்தொரு இடங்களைக் கடந்து குறிப் பிட்டில் போய் உட்கார, திருத்தப்படாத அமைப்புகளில் தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும். 64 பிட்டுக்கு மாற்றிய அமைப்புகளுக்கு இந்தக் கவலை இல்லை.

போட்டுப் பார்க்க

1101 + 101 = 10010.
11111 + 1 = 100000. ஐந்து முறை கேரி எழ வேண்டும்.
101101 + 11011 = 1001000.
எட்டு பிட்டில் –35 + 20: 11011101 + 00010100 = 11110001. திருப்பி ஒன்று கூட்டினால் 00001111. ஆக விடை –15. இங்கே கேரி வெளியே விழாது.
எட்டு பிட்டில், குறியுள்ள எண்களாக –100 + (–50): 10011100 + 11001110. விடை 01101010, அதாவது 106 என்று வந்தால் நீங்கள் கூட்டியது சரி. தவறு எட்டு பிட்டின் மேல்.